கேட்டவுடன் கையில் கிடைக்க: குடும்ப ஆவணங்களைக் கைபேசியில் ஒழுங்குபடுத்துவது எப்படி?

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. 2002, 2005 ஆண்டுகளின் பட்டியலில் தம் பெயரோ பெற்றோரின் பெயரோ எங்கே இருக்கிறது என்ற விவரம் கேட்கப்பட்டது. பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஹஜ் விண்ணப்பம், திருமணப் பதிவு என எதை எடுத்தாலும் கேள்வி ஒன்றுதான்: அந்தக் காகிதம் எங்கே?

நம் குடும்பங்களில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆவணங்கள் எல்லாம் ஒருவரின் கைபேசியில் இருக்கும். அவரோ துபாயிலோ ரியாத்திலோ வேலையில் இருப்பார். எனவே ஒழுங்குபடுத்துவதன் நோக்கம் நமக்குத் தெரிவது மட்டுமல்ல. நாம் இல்லாத நேரத்திலும் வீட்டில் உள்ள வேறொருவர் இரண்டு நிமிடத்தில் எடுக்க முடிய வேண்டும்.

முதலில் ஒரே இடம்

வாட்ஸ்அப் ஆவணம் வைக்கும் இடமல்ல. பேக்கப் இல்லாமல் கைபேசி மாறினால் அதில் வந்தவை போய்விடும். படமாக அனுப்பினால் தெளிவும் குறையும். அனுப்பத்தான் வேண்டுமென்றால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள்.

கைபேசியிலோ கணினியிலோ 'குடும்பம்' என்று ஒரு ஃபோல்டர் போதும். அதற்குள் ஆளுக்கு ஒன்று, 'வீடு-நிலம்' என்று ஒன்று, 'வங்கி-காப்பீடு' என்று ஒன்று. அதற்கு மேல் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று போனால் தேடுவது கடினமாகிவிடும்.

பெயர் வைப்பதில்தான் எல்லாம்

கைபேசியில் எடுத்த படம் வெறும் எண்களைப் பெயராகக் கொண்டிருக்கும்; அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஆள், ஆவணம், தேதி என்ற வரிசையில் பெயரை மாற்றுங்கள்:

ஆமினா_பிறப்புச்சான்று_2011-06-14

ஆண்டு, மாதம், நாள் என்று எழுதினால் ஒருவரின் ஒரே வகை ஆவணங்கள் காலவரிசையில் தாமே அடுக்கிக்கொள்ளும். பழைய பாஸ்போர்ட் முதலிலும் புதியது அடுத்தும் நிற்கும்.

முஹம்மது, முகமது, முகம்மது என்று ஒரே பெயர் சான்றுக்குச் சான்று மாறுவது நமக்குப் புதிதல்ல. தேடும் கருவி எழுத்தைத்தான் பார்க்கும், ஆளை அல்ல. கோப்புப் பெயரில் எப்போதும் ஒரே எழுத்துமுறையைப் பின்பற்றுங்கள். எந்தச் சான்றில் பெயர் எப்படி உள்ளது என்று தனியாக ஒரு குறிப்பும் எழுதி வையுங்கள். பெயர் திருத்தம் தேவைப்படும்போது அது கைகொடுக்கும்.

ஊர்ப் பெயரிலும் இதே கவனம் வேண்டும். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. பனவடலிசத்திரம் உட்பட சங்கரன்கோவில் பகுதி மக்களின் பழைய பத்திரங்களிலும் சான்றுகளிலும் மாவட்டம் திருநெல்வேலி என்றும், புதியவற்றில் தென்காசி என்றும் இருக்கும். மாவட்டப் பெயரை வைத்துத் தேடினால் பாதி கிடைக்காது. கோப்பில் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் எழுதுங்கள்.

ஸ்கேனும் டிஜிலாக்கரும்

பகல் வெளிச்சத்தில், நான்கு ஓரமும் தெரிய, முன்பின் இரு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். பல பக்கப் பத்திரத்தை ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டு நகலையும், பதிவுத்துறை தந்த திருமணச் சான்றையும் தனித்தனிக் கோப்பாக வையுங்கள். இரண்டும் வெவ்வேறு ஆவணங்கள்.

2015-ல் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கரில் இரண்டு வகை உண்டு. ஆதார், ஓட்டுநர் உரிமம் போல அரசுத் துறையே நேரடியாக வழங்கும் ஆவணம் சட்டப்படி அசலுக்குச் சமம். நாமே படம் எடுத்து ஏற்றியது வெறும் நகல்தான். எனவே ஸ்கேன் செய்துவிட்டோம் என்று அசலை அலட்சியமாக வைத்துவிடாதீர்கள்.

மூன்று பிரதி, ஒரு வாரிசு

முக்கியக் கோப்புகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. கைபேசி, பென்டிரைவ், கூகுள் டிரைவ் இருந்தால் போதும். கூகுள் கணக்கில் இலவச இடம் 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்தே அந்த அளவு. 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்களும் இந்தக் கணக்கில் வருகின்றன. கல்யாண வீடியோ இடத்தை அடைத்துக்கொண்டால் புதிய பத்திரத்தை ஏற்ற இடமிருக்காது.

இரண்டு ஆண்டு பயன்படுத்தாத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். நீண்ட நாள் கணக்கு திறக்கப்படாவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதைப் பார்க்க அனுமதி என்று முன்கூட்டியே குறிக்கும் வசதி அதன் அமைப்புகளில் உண்டு. மனைவி அல்லது மூத்த பிள்ளையின் மின்னஞ்சலை அதில் சேர்த்துவிடுங்கள்.

வெளியே பிரிண்ட் எடுக்கும்போது கடைக் கணினியில் உங்கள் கோப்பை விட்டு வராதீர்கள். டவுன்லோடு ஃபோல்டரிலும் ரீசைக்கிள் பின்னிலும் அழித்து, கணக்கிலிருந்து வெளியேறுங்கள். முழு எண் தேவையில்லாத இடத்தில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுங்கள்.

இன்றே தொடங்க

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் பாதியில் நின்றுவிடும். இந்த வாரம் ஆளுக்கு மூன்று: ஆதார், பிறப்புச் சான்று, பாஸ்போர்ட். அடுத்த வாரம் வீட்டுப் பத்திரமும் பட்டாவும். அதற்கடுத்த வாரம் கல்விச் சான்றுகள். முடிந்ததும் வீட்டில் ஒருவரிடம், "ஆமினாவின் பிறப்புச் சான்றை எடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். உங்களைக் கேட்காமல் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. கேட்டால், எந்த இடத்தில் தடுமாறினார் என்று பார்த்து அதை மட்டும் சரிசெய்யுங்கள்.