பீன்ஸ் பிரவுனியின் பூர்வீகம்

பிரவுனியில் ராஜ்மா போடலாம் என்று சொன்னால் நம்மூரில் இரண்டு விதமான பதில்கள் வரும். ஒன்று, "உவ்வே". இன்னொன்று, "இதெல்லாம் இப்போ கிளம்பின டயட் பைத்தியம்". முதலாவது ருசி சம்பந்தப்பட்டது, ஒரு துண்டு சாப்பிட்டுப் பார்த்தால் தீர்ந்துவிடும். இரண்டாவது வரலாறு சம்பந்தப்பட்டது. அதைத்தான் இங்கே கொஞ்சம் தோண்டிப் பார்க்கப் போகிறேன்.

மகளுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. முட்டை இல்லாத, பால் இல்லாத கேக் எப்படிச் செய்வது என்று தேடிக்கொண்டே போனதில் வேகவைத்த பீன்ஸில் வந்து நின்றேன். செய்முறை கிடைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் "இனிப்புக்குள் பயறைப் போடலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது?" என்ற கேள்வி விடவில்லை.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். சாக்லேட் வரும் 'கோகோ பீன்ஸ்' உண்மையில் பீன்ஸே கிடையாது. அது ஒரு மரத்துப் பழத்தின் விதை. தாவரவியல்படி பருத்திக்கும் வெண்டைக்கும்தான் கோகோ சொந்தம், அவரைக்கு அல்ல. ஆனால் இரண்டுக்கும் ஊர் உறவு உண்டு. ராஜ்மா, கறுப்பு பீன்ஸ் எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். மெக்சிகோவில் ஆஸ்டெக் அரசுக்குக் குடிமக்கள் கட்டிய கப்பத்தை 16-ஆம் நூற்றாண்டின் 'மெந்தோசா சுவடி' படம் போட்டுக் காட்டுகிறது. அதில் பீன்ஸும் இருக்கிறது, கோகோவும் இருக்கிறது. பீன்ஸ் அன்றாடச் சாப்பாடு. கோகோ நுரை பொங்க அடித்துக் குடிக்கும் பானம், கூடவே சில்லறைக் காசு. கரும்புச் சர்க்கரை அங்கே போனது ஸ்பானியர்களோடு. கோகோ தூளானதும் கட்டியானதும் ஐரோப்பாவில்: 1828-இல் நெதர்லாந்தின் வான் ஹௌட்டன் குடும்பம் கோகோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் அச்சுக்குக் காப்புரிமை வாங்கியது, 1847-இல் இங்கிலாந்தின் ஃப்ரை நிறுவனம் கடித்துத் தின்னும் சாக்லேட் கட்டியைக் கொண்டுவந்தது. இந்தக் கோகோ தூள் இல்லாமல் இன்றைய பிரவுனி கிடையாது.

ஆக, சாக்லேட் பக்கம் கதை புதிதுதான். பயறு இனிப்பான கதைக்கு நாம் வேறு திசையில் போகவேண்டும்.

ஆட்டு சூப் மிட்டாய் ஆன கதை

ஜப்பானில் 'யோகான்' என்று ஓர் இனிப்பு. அசுகி என்ற சின்னச் சிவப்புப் பயறை வேகவைத்து, மசித்து, சர்க்கரையும் கடல்பாசியில் எடுத்த அகாரும் சேர்த்துக் கட்டியாக்கித் துண்டு போடுவார்கள். அசுகி நம் உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் பங்காளி, ஒரே பேரினம்.

வேடிக்கை பெயரில் இருக்கிறது. யோகான் என்று எழுதும் இரண்டு எழுத்துகளின் பொருள் 'ஆட்டு', 'சாறு'. சீனாவில் அது நிஜமாகவே ஆட்டுக்கறி சூப். ஜென் துறவிகள் மூலம் ஜப்பானுக்கு வந்தபோது, துறவிகள் கறி சாப்பிடமாட்டார்கள் என்பதால், பயறையும் மாவையும் சேர்த்து ஆவியில் அவித்துக் கறித்துண்டு மாதிரி போட்டார்கள். பிறகு சூப் காணாமல் போனது, துண்டு மட்டும் மிஞ்சியது. சர்க்கரை தாராளமாகக் கிடைத்தபோது அது மிட்டாயாகிவிட்டது. 17-ஆம் நூற்றாண்டில் அகார் வந்தபின் இன்றைய வழவழப்பு. எங்கள் தொழிலில் இதை அடிக்கடி பார்க்கலாம்: உள்ளே நிரல் முழுக்க மாறியிருக்கும், பழைய பெயரை மட்டும் யாரும் மாற்றியிருக்கமாட்டார்கள்.

போர்க்கால பாதாம்

அடுத்து பிரிட்டன். 1940 ஜனவரியில் ரேஷன் ஆரம்பம். சர்க்கரை பெரும்பாலும் ஆளுக்கு வாரம் 8 அவுன்ஸ், அதாவது 225 கிராம் சொச்சம். முட்டை வாரத்துக்கு ஒன்று கிடைத்தால் பெரிது. கேக்கின் மேல் பூசும் பாதாம் விழுதான மார்சிப்பானுக்கு வழியே இல்லை. அதற்கு ஒரு போலி மார்சிப்பான் வந்தது. வெள்ளை பீன்ஸை வேகவைத்து, மசித்து, கொஞ்சம் சர்க்கரை, அரிசி மாவு, மார்ஜரின், ஒரு கரண்டி பாதாம் எசென்ஸ். அவ்வளவுதான். வாசனை பாதாம், உடம்பு பீன்ஸ்.

இதே ரேஷன் காலத்தில்தான், 1944 நவம்பரில், டொனால்ட் வாட்சன் என்ற மரவேலை ஆசிரியரும் நண்பர்களும் பாலும் முட்டையும்கூட வேண்டாம் என்று ஒரு சங்கம் தொடங்கி, 'வெஜிடேரியன்' என்ற சொல்லின் முதலையும் கடைசியையும் ஒட்டி 'வீகன்' என்று பெயர் வைத்தார்கள். ஊரே முட்டைக்கு அலைந்த நேரத்தில் இவர்கள் முட்டையை வேண்டாம் என்றார்கள்! இல்லாததால் செய்ததும் வேண்டாமென்று செய்ததும் அடுப்பில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன.

மூன்றாவது உதாரணம் அமெரிக்கா. அங்கே கறுப்பின முஸ்லிம் இயக்கமான 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' 1930-இல் டெட்ராய்ட்டில் தொடங்கியது. அதன் தலைவர் எலைஜா முகம்மது 1967-இல் 'வாழ்வதற்கு எப்படி உண்பது' என்ற பொருளில் ஒரு நூல் வெளியிட்டார். அடிமைக் காலத்துத் தோட்டச் சாப்பாட்டை விடச் சொன்னார், சர்க்கரைவள்ளியும் அதில் சேர்த்தி. 'நேவி பீன்ஸ்' எனும் சின்ன வெள்ளை பீன்ஸை உசத்தியாகச் சொன்னார். சர்க்கரைவள்ளிப் பை இருந்த இடத்தில் பீன்ஸ் பை உட்கார்ந்தது. கோட்டும் வில் டையும் கட்டிய இளைஞர்கள் தெருமுனையில் இயக்கப் பத்திரிகையோடு சேர்த்து அதை விற்றார்கள். அதில் முட்டையும் பாலும் உண்டு, வீகன் அல்ல. ஆனால் பிரிட்டனில் பீன்ஸ் ஒளிந்துகொண்டது. இங்கே பெயரிலேயே முன்னால் வந்து நின்றது.

ஒரு பாடகரும் ஒரு மென்பொருள்காரரும்

2014 இறுதியில் ஜோயெல் ரோஸெல் என்ற பிரெஞ்சுப் பாடகர், டப்பா பயறில் இருக்கும் தண்ணீரை அடித்தால் முட்டை வெள்ளைக்கரு போல நுரைக்கிறது என்று கண்டு எழுதினார். கொஞ்ச நாளில் கொண்டைக்கடலைத் தண்ணீரில் சாக்லேட் மூஸ் செய்து காட்டும் ஒரு பிரெஞ்சு வீடியோ வந்தது. அதைப் பார்த்த அமெரிக்க மென்பொருள் பொறியாளர் கூஸ் வோல்ட் (நம்ம ஜாதி!) 2015 மார்ச்சில் அந்தத் தண்ணீரும் சர்க்கரையும் மட்டும் வைத்து மெரிங் செய்துவிட்டார். 'அக்வாஃபாபா' என்று பெயர் வைத்ததும் அவர்தான். லத்தீனில் தண்ணீர், அவரை.

எப்படி நுரைக்கிறது? பயறு வேகும்போது கொஞ்சம் புரதமும் மாவுச்சத்தும் சபோனின்களும் தண்ணீரில் இறங்குகின்றன. சபோனின் நமக்குத் தெரிந்த சாமான்தான், சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைப்பது அதனால்தான். நம் வீட்டில் சுண்டலுக்குக் கடலை வேகவைத்த தண்ணீரை ரசத்தில் விடுவோம். அதையே சுண்டக் காய்ச்சி, ஆறவைத்து அடித்தால் மூஸ். ஊறவைத்த தண்ணீர் அல்ல, வேகவைத்த தண்ணீர்.

பிரவுனியில் பீன்ஸ் செய்யும் வேலை வேறு. மசித்த பீன்ஸின் மாவுச்சத்தும் நாரும் ஈரத்தைப் பிடித்துவைக்கின்றன, மைதாவும் முட்டையும் சேர்ந்து செய்யும் வேலையில் பாதியை அது பார்த்துக்கொள்கிறது. பயறு வாசனையைக் கோகோ அமுக்கிவிடும்.

சரி, உடம்புக்கு நல்லதா? வேகவைத்த கறுப்பு பீன்ஸ் 100 கிராமில் புரதமும் நாரும் ஏறக்குறைய 9 கிராம் வீதம். சுமார் 130 கலோரி. மைதாவில் நார் 3 கிராம்கூடத் தேறாது, கலோரி 360-ஐத் தாண்டும். பார்த்தால் பெரிய வெற்றி. ஆனால் வெந்த பீன்ஸில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், மைதா உலர்ந்த மாவு. எடைக்கு எடை ஒப்பிடுவது நியாயமில்லை. நார்ச்சத்து லாபம் நிஜம். சர்க்கரை மட்டும் போட்டது போட்டபடியே இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ள என் அப்பா "பீன்ஸ்தானேப்பா" என்று நாலாவது துண்டுக்குக் கை நீட்டியபோதுதான் 'ஹெல்த்தி' என்ற ஒரு சொல் என்ன வேலை செய்யும் என்று புரிந்தது. தட்டை நகர்த்தி வைத்தேன். அவருக்குக் கோபம்.

இன்னொன்றும் சொல்லியாகவேண்டும். அமெரிக்கச் செய்முறைகள் டப்பா பீன்ஸை வைத்து எழுதப்பட்டவை, அது ஏற்கெனவே வெந்தது. நாம் மளிகைக் கடை ராஜ்மாவிலிருந்து ஆரம்பிக்கிறோம். வேகாத ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் உண்டு, சில கொட்டைகளே வாந்தி பேதிக்குப் போதும். ஊறவைத்து அப்படியே அரைத்து ஓவனில் வைக்கக்கூடாது, கேக்கின் நடுப்பகுதி அந்த அளவு சூடாகாது. இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் நசுங்கும்வரை வேகவைத்த பிறகுதான் கோகோவை எடுக்கவேண்டும்.

துறவிக்குக் கறி ஆகாது, போர்க்காலத்தில் பாதாம் கிடையாது, என் மகளுக்கு முட்டை ஆகாது. ஒவ்வொரு முறையும் காலியான இடத்தில் பயறு வந்து உட்கார்ந்திருக்கிறது. நம்மூரில் மட்டும் அது யாருக்கும் பதிலாக வரவில்லை. கடலைப்பருப்புப் பூரணம், சுழியம், உக்காரை, யாழ்ப்பாணத்துப் பயத்தம் பணியாரம் எல்லாவற்றிலும் பயறுதான் கதாநாயகன். சுழியத்தை ரசித்துச் சாப்பிடுபவர் ராஜ்மா பிரவுனிக்கு முகம் சுளிப்பதில் எனக்குத் தர்க்கம் எதுவும் தெரியவில்லை.