புத்தகக் கடையில் விற்ற வீடியோ கேம்கள்

1980களின் கடைசியில் அமெரிக்க வீடியோ கேம் சந்தையின் பெரும்பகுதி நின்டெண்டோவின் கையில் இருந்தது. எந்த மதத்தவர் மனமும் புண்படக் கூடாது என்று கருதிய அந்நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை, கேம்களில் மதச் சின்னங்களைத் தவிர்க்கும் விதி ஒன்றை வைத்திருந்தது. ஜப்பானில் உருவான 'ஃபைனல் ஃபேன்டஸி' அமெரிக்காவுக்கு வந்தபோது, மாண்ட வீரர்களை உயிர்ப்பிக்கும் தேவாலயம் மருத்துவமனை ஆகிவிட்டது. அதே தொடரின் பிந்தைய பாகங்களில் 'ஹோலி' என்ற மந்திரத்தின் பெயர் ஒருமுறை 'ஒயிட்' என்றும், மறுமுறை 'பேர்ல்' என்றும் மாற்றப்பட்டது. சிலுவைக்கே இடமில்லாத சந்தையில் வேதாகமக் கதையை விற்க முதலில் துணிந்தது பக்தர்களின் சங்கம் எதுவுமல்ல. நின்டெண்டோவின் பகையைச் சம்பாதித்திருந்த ஒரு வியாபார நிறுவனம்.

அது கலிஃபோர்னியாவின் கலர் ட்ரீம்ஸ். அன்றைய நின்டெண்டோ இயந்திரத்தில் ஒரு பூட்டுச் சில்லு இருந்தது. உரிமம் பெற்ற கார்ட்ரிட்ஜ் மட்டுமே அதில் ஓடும். அந்தப் பூட்டை ஏமாற்றும் வழியைக் கண்டுபிடித்த கலர் ட்ரீம்ஸ், உரிமக் கட்டணம் கட்டாமலே கேம்களை வெளியிட்டது. நின்டெண்டோ கடைக்காரர்களை நெருக்கியது. மரியோவை விற்றுப் பிழைக்கும் பொம்மைக் கடை எதுவும் அந்த நெருக்குதலை மீறத் துணியவில்லை. ஆனால் நின்டெண்டோ சரக்கையே வாங்காத கடைகளும் நாடெங்கும் இருந்தன. அவை கிறிஸ்தவப் புத்தகக் கடைகள். அவற்றை மிரட்டுவதற்கு நின்டெண்டோவிடம் எந்தப் பிடியும் இல்லை. இப்படிப் பிறந்ததுதான் விஸ்டம் ட்ரீ என்ற கிளை நிறுவனம்.

அதன் முதல் வெளியீடான 'பைபிள் அட்வென்ச்சர்ஸ்' 1991இல் வந்தது. நோவா மிருகங்களைத் தூக்கிச் சுமந்து பேழையில் சேர்ப்பது, குழந்தை மோசேயைக் காப்பது, தாவீது கோலியாத்தை வீழ்த்துவது என மூன்று ஆட்டங்கள். ஆடும் விதம் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2'ஐ அப்படியே நினைவூட்டும். அடுத்து வந்த 'எக்ஸோடஸ்' புதிதாகச் செய்யப்பட்டதுகூட அல்ல. கலர் ட்ரீம்ஸின் 'கிரிஸ்டல் மைன்ஸ்' என்ற சுரங்க ஆட்டத்தில் ரோபோ இருந்த இடத்தில் மோசே நின்றார். கற்களை உடைக்க அவர் தேவ வார்த்தையைக் குறிக்கும் எழுத்துகளை ஏவினார். 1992இல் வந்த 'ஸ்பிரிச்சுவல் வார்ஃபேர்' இவற்றைவிடத் தேர்ந்த வேலை. அமைப்பு நின்டெண்டோவின் 'செல்டா' கேமினுடையது என்றாலும், ஆவியின் கனிகளை எறிந்து எதிரிகளை மனந்திருப்புவதும், வேதாகமம் சொல்லும் சர்வாயுதவர்க்கத்தை (முழுக் கவசத்தை) ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்ப்பதும் ஆட்டத்தோடு இயல்பாகப் பொருந்தின. 1994இல் வந்த 'சூப்பர் 3டி நோவாஸ் ஆர்க்' நாஜிகளைச் சுட்டுத்தள்ளும் 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி'யின் மென்பொருளை முறையாக வாங்கிச் செய்யப்பட்டது. இங்கே துப்பாக்கிக்குப் பதில் கவண். அடிபட்ட ஆடுகள் சாவதில்லை, தீனி தின்று தூங்கிவிடும். பூட்டைத் தாண்ட, உரிமம் பெற்ற வேறொரு கார்ட்ரிட்ஜை இதன் தலையில் செருக வேண்டியிருந்தது.

கிறிஸ்தவப் புத்தகக் கடைகளின் இந்தச் சந்தையை விஸ்டம் ட்ரீ உருவாக்கவில்லை. அதற்கு முன்பே இசை அங்கே காலூன்றியிருந்தது. பாடகர் லாரி நார்மன் 1969இல் கேபிட்டல் நிறுவனம் வழியாக 'அப்பான் திஸ் ராக்' இசைத்தட்டை வெளியிட்டார். பிசாசின் இசை என்று பல போதகர்கள் ஒதுக்கிய ராக்கில் அவர் இயேசுவைப் பாடினார். பத்தாண்டுகளுக்குள் அந்த இசை கிறிஸ்தவ இசைத்தட்டு நிறுவனங்களும் புத்தகக் கடைகளும் சேர்ந்து நடத்தும் தனித்தொழிலாக வளர்ந்தது. 1980களில் பாடகி ஏமி கிராண்டும், மஞ்சளும் கறுப்புமாய் உடுத்தி மேடையிலிருந்து புதிய ஏற்பாடுகளை வீசிய ஸ்ட்ரைப்பர் குழுவும் அந்த வேலியைத் தாண்டி வெளியுலகிலும் விற்றார்கள். கேம்களால் அப்படித் தாண்ட முடியவில்லை. காரணம் எளிது: பாட்டை வானொலியில் கேட்டு விரும்பியவர்கள் வாங்கினார்கள்; கேமையோ பெரும்பாலும் பெற்றோர் வாங்கிப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள்.

கணினிக் காலத்திலும் பிரபல கேம்களின் சாயலில் கிறிஸ்தவ கேம் செய்யும் போக்கு தொடர்ந்தது. 2000இல் வந்த 'கேட்டக்கியூமன்' ரோமின் நிலவறைக் கல்லறைகளில் நடக்கும் சுடும் ஆட்டம். தாக்கப்பட்ட ரோமானிய வீரர்கள் மண்டியிட்டு மனந்திரும்புவார்கள். டிஜிட்டல் ப்ரெய்ஸ் நிறுவனம் கேமையும் இசையையும் ஒன்றாக்கியது. புகழ்பெற்ற நடன ஆட்டத்தின் சாயலில் 'டான்ஸ் ப்ரெய்ஸ்', பின்னர் 'கிட்டார் ஹீரோ'வின் சாயலில் 2008இல் 'கிட்டார் ப்ரெய்ஸ்'. பொம்மைக் கிட்டாரை மீட்டி கிறிஸ்தவ ராக் பாடல்களை வாசிக்கலாம். தரத்தில் குறையென்று சொல்ல முடியாது. ஆனால் மூலத்தின் நிழல் இவற்றையும் விடவில்லை.

அந்த நிழலிலிருந்து விலகி நின்றது 2016இல் வந்த 'தட் டிராகன், கேன்சர்'. ஐந்து வயதில் புற்றுநோயால் இறந்த தங்கள் மகன் ஜோயலின் கதையை ரயன், ஏமி கிரீன் தம்பதி ஒரு சிறு குழுவுடன் கேமாக்கினார்கள். அதில் ஜெபம் உண்டு, ஜெபத்துக்குப் பதில் கிடைக்காத இரவும் உண்டு. வெல்வதற்கு எதுவும் இல்லை. ஸ்டீம் என்ற இணைய விற்பனைத் தளத்தில் மற்ற கேம்களோடு விற்பனைக்கு வந்த இது, 2017இல் புதுமைக்கான பாஃப்டா விருது பெற்றது. அதே ஆண்டு கிறிஸ்தவப் புத்தகக் கடை நிறுவனமான ஃபேமிலி கிறிஸ்டியன் ஸ்டோர்ஸ் தன் 240 கடைகளையும் மூடுவதாக அறிவித்தது. 2019இல் அதே துறையின் லைஃப்வே நிறுவனமும் தன் கடைகளை மூடியது. அதற்குள் 'சூப்பர் 3டி நோவாஸ் ஆர்க்'கும் ஸ்டீமில் விற்பனைக்கு வந்திருந்தது.