கேள்விகளால் உருவான படிப்பு

1815 வரை இங்கிலாந்தில் சாதாரண மக்களுக்கு வைத்தியம் பார்த்தவர்களில் பலர் எந்தத் தேர்வையும் சந்திக்காதவர்கள். மூத்தவர் ஒருவரிடம் சில ஆண்டுகள் தொழில் பழகினால் போதும் என்ற நிலை இருந்தது. ‘அபோதிகரி’ எனப்பட்ட, மருந்து தந்து வைத்தியம் பார்ப்போருக்காக அந்த ஆண்டு வந்த சட்டமும் அதையொட்டிய விதிகளும் இதை மாற்றின. ஐந்தாண்டுப் பயிற்சி, விரிவுரைகளுக்குப் போனதற்கான சான்று, ஆறு மாத மருத்துவமனை அனுபவம் ஆகியவற்றோடு லண்டன் அபோதிகரீஸ் ஹாலில் ஒரு தேர்விலும் தேற வேண்டியிருந்தது.

அது வாய்மொழித் தேர்வு. லத்தீனில் எழுதிய மருந்துச் சீட்டைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டும். மருந்தியல், வேதியியல், மருத்துவக் கோட்பாடும் நடைமுறையும் என்று அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். 1816 ஜூலை 25 அன்று அதில் தேறியவர்களில் ஒருவர், பின்னாளில் கவிஞராகப் புகழ்பெற்ற ஜான் கீட்ஸ். அப்போது அவருக்கு வயது 20. லத்தீன் நன்றாகத் தெரிந்ததால்தான் கீட்ஸ் தேறினார் என்று உடன் படித்த ஹென்றி ஸ்டீபன்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

தேர்வு வந்ததும் அதற்குத் தயார்செய்யும் தொழிலும் வளர்ந்தது. ‘கிரைண்டர்’ எனப்பட்ட தனி ஆசிரியர்கள் மாணவர்களைக் கூட்டிவைத்து, தேர்வாளர் கேட்கக்கூடிய கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, பதில் தடையின்றி வரும்வரை பழக்கினார்கள். நோயாளியின் கட்டிலருகே கற்க வேண்டியதை இவர்கள் மனப்பாடமாகச் சுருக்குகிறார்கள் என்று அன்றே கண்டனம் எழுந்தது. அதில் நியாயமும் இருந்தது.

புத்தகங்களும் தேர்வின் தேவைக்கேற்ப மாறின. 1858இல் ஹென்றி கிரே எழுதிய உடற்கூறியல் நூல் வெளிவந்தது. அதற்கு முந்தைய பல நூல்களில் படத்தில் எழுத்தோ எண்ணோ இருக்கும். அது குறிக்கும் உறுப்பின் பெயரை அறியக் குறிப்புப் பட்டியலைத் தேட வேண்டும். கிரேயின் நூலுக்குப் படம் வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் எலும்பு, தசை, நரம்பு ஆகியவற்றின் மேலேயே பெயர்களைப் பொறித்தார். உறுப்பும் பெயரும் ஒரே பார்வையில் மனதில் பதிந்தன. அதே ஆண்டு பம்பாய்க்கு வந்த கார்ட்டர் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். 

இருபதாம் நூற்றாண்டில் தேர்வின் முகம் மீண்டும் மாறியது. அமெரிக்காவின் தேசிய மருத்துவத் தேர்வு வாரியம் 1950களின் தொடக்கத்தில் கட்டுரை வினாக்களை விட்டு, சரியான விடையைத் தெரிவுசெய்யும் முறைக்குப் போனது. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் சகாக்களும் ‘ஆஸ்கி’ என்ற செய்முறைத் தேர்வை அறிமுகம் செய்தனர். மாணவர் ஒவ்வொரு மேசையாக நகர்ந்து, குறித்த நேரத்துக்குள் ஒரு நோயாளியைப் பரிசோதிக்கவோ, நோய் வரலாற்றைக் கேட்டறியவோ வேண்டும். அறையில் உட்கார்ந்து பக்கம் புரட்டுவது இதற்குப் போதாது. நண்பர்கள் ஒருவரையொருவர் பரிசோதித்துப் பழக வேண்டியிருந்தது.

கேள்வி கேட்டுப் படிப்பது உண்மையிலேயே பலன் தருமா? டக்ளஸ் லார்சன், ஆண்ட்ரூ பட்லர், ஹென்றி ரோடிகர் மூவரும் பயிற்சி மருத்துவர்களிடம் இதைச் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டனர். நிற்காத வலிப்பு, தசைகள் தளரும் நோயான மயஸ்தீனியா கிராவிஸ் ஆகிய இரண்டு பாடங்களை நடத்திய பின், ஒவ்வொருவரும் ஒரு பாடத்தைக் குறிப்புத்தாளில் மீண்டும் படித்தார்கள். மற்றதில் சிறு தேர்வு எழுதி, விடைகளைச் சரிபார்த்தார்கள். சுமார் இரண்டு வார இடைவெளிகளில் இது தொடர்ந்தது. ஆறு மாதத்துக்கு மேல் கழித்துப் பார்த்தபோது, தேர்வெழுதிப் படித்த பாடத்தில் மதிப்பெண் சராசரியாக 13 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது.

கிரைண்டர்கள் கேள்வியை நம்பியது சரிதான் என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் அவர்கள் தேர்வு நெருங்கும்போது அவசரமாகச் செய்ததை, இடைவெளி விட்டு, விடையைச் சரிபார்த்து, பல வாரங்களுக்குப் பரப்ப வேண்டும். நிற்காத வலிப்போடு நள்ளிரவில் ஒரு குழந்தையைத் தூக்கிவரும் பெற்றோருக்கு, அந்த மருத்துவர் எப்போதோ வாங்கிய மதிப்பெண் உதவாது; எந்த மருந்து, எவ்வளவு என்று அப்போதே நினைவுக்கு வருவதுதான் உதவும்.