புல்வெளிக்கு மருந்து அடிச்சாச்சு... பில் எப்படி போடணும்? பணம் எப்போ வரும்?

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்சாலைகளின் புல்வெளியைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் கான்ட்ராக்ட் ஆட்கள்தான். புல் வெட்டுவதற்கு மாதத்துக்கு ஒரு தொகை பேசிக்கலாம். பூச்சிமருந்து, களைக்கொல்லிக்கு 'ஒரு தடவை அடிக்க இவ்வளவு' என்று தனி பில் போட்டால்தான் சிக்கலே.

வெட்டிய புல் கண்ணுக்குத் தெரியும். அடிச்ச மருந்து தெரியாது. அதனால தேதி, மருந்தின் பெயர், அளவு, பரப்பளவு எழுதி, அன்றைக்கே கம்பெனி தரப்பில் கையெழுத்து வாங்கிடணும். ஐப்பசி மழையில் மருந்து கரைஞ்சு போனா, மறுபடி அடிக்க யார் காசு? இதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிடுறது நல்லது.

ஜிஎஸ்டி பதிவு உள்ள தனிநபர் ரூ.40,000-க்கு பில் போட்டால், 18% வரி சேர்த்து ரூ.47,200. டிடிஎஸ் 1%, அதாவது ரூ.400 பிடிப்பார்கள். ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டினால் அந்தத் தொகைக்கு டிடிஎஸ் கிடையாது. கைக்கு வருவது ரூ.46,800, அதில் ரூ.7,200 அரசுக்குக் கட்ட வேண்டிய வரி.

இழுத்தடிச்சா? 'உத்யம்' பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006-ம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் துணை நிற்கிறது. எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளில் பணம் வந்தாகணும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். வேலை சரியில்லை என்று 15 நாளுக்குள் கம்பெனி எழுதித் தராவிட்டால், வேலை முடிந்த தேதியிலிருந்தே நாள் கணக்கு ஓடும். அந்தத் தேதிக்குச் சாட்சி, அன்று வாங்கிய கையெழுத்துதான்.