கொழுமியம்

(பெயர்ச்சொல்) லிப்பிட். ‘கொழு’ என்பது செழித்தல், பருத்தல் என்னும் பொருள்தரும் வினையடி. கொழுப்பு, கொழுமை, கொழுமியம் மூன்றுக்கும் வேர் அதுவே. லிப்பிட் என்பதன் மூலமான ‘லிபோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லும் கொழுப்பையே குறிக்கும்.

கொழுப்பு கொழுமியத்தில் ஒரு வகை. கொலஸ்டிரால், பாஸ்போலிப்பிட் ஆகியவையும் கொழுமியங்களே. மலேசியாவின் கெடா மாநிலத்து யான் வட்டாரத் தோட்டங்களில் வெட்டும் ரப்பர்ப் பாலின் துகள்களைப் போர்த்தியிருப்பது ஓரடுக்குக் கொழுமியமும் புரதமும் சேர்ந்த உறை. உயிரணுவின் சவ்வோ ஈரடுக்கு.

நரம்பணு செய்திப்பொருளை இத்தகைய சவ்வாலான நுண்பைகளில் வைத்திருக்கிறது. கால்சியம் உள்ளே பாய்ந்ததும், அதை உணரும் புரதம் சவ்வின் எதிர்மின் கொழுமியங்களைப் பற்றிக்கொள்கிறது. வேறு புரதங்கள் நுண்பையின் சவ்வையும் உயிரணுவின் சவ்வையும் நெருக்குகின்றன. கொழுமியங்கள் கலந்து துளை திறக்க, செய்திப்பொருள் வெளியேறுகிறது. கணையம் இன்சுலினைச் சுரப்பதும் இவ்வழியே. இந்த நுண்பைப் போக்குவரத்தை விளக்கிய ராத்மன், ஷெக்மன், சூட்ஹோஃப் மூவரும் 2013இல் மருத்துவ நோபல் பெற்றனர்.

சேமிப்பு, சுவர், வாயில் என மூன்று பணிகளையும் ஏற்கும் பொருளுக்குச் செழுமையைச் சுட்டும் இப்பெயர் முற்றும் தகும். பள்ளிப் பாடத்திலும் இது தயங்காமல் புழங்க வேண்டும்.