தமிழ்த் திரைக்கதையில் பெண் அடையாளமும் தோழமையும்

தான் யார் என்று பெண் கேட்டுக்கொள்வதையும் பெண்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்பதையும் மையமாகக் கொண்ட கதைகள் தமிழ்த் திரையில் 1970களில் அழுத்தம் பெற்றன. முதலில் அவை பெரும்பாலும் தனியொரு பெண்ணின் கதைகளாக இருந்தன. பெண்கள் கூட்டாக இயங்கும் கதைகள் பின்னரே கவனம் பெற்றன.

தனிப் பெண்

கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) சம்பாதித்துக் குடும்பத்தைச் சுமக்கும் கவிதாவின் கதை. இவ்வேடத்தில் சுஜாதா நடித்தார். சி. ருத்ரய்யா இயக்கிய 'அவள் அப்படித்தான்' (1978) படத்தின் எழுத்தில் அனந்து, வண்ணநிலவன் ஆகியோர் பங்கேற்றனர். விளம்பர நிறுவனத்தில் வேலை செய்யும் மஞ்சுவாக ஸ்ரீபிரியா நடித்தார். பெண்களின் நிலைபற்றி ஆவணப்படம் எடுக்க வரும் அருண் (கமல்ஹாசன்) கூட அவளை முழுதாகப் புரிந்துகொள்வதில்லை.

கூட்டு நாயகிகள்

சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய 'மகளிர் மட்டும்' (1994) படத்துக்குக் கிரேசி மோகன் வசனம் எழுதினார். கமல்ஹாசன் தயாரித்த இப்படத்தின் கதை '9 டு 5' (1980) என்ற ஹாலிவுட் படத்தை ஒட்டியது. ரேவதி, ஊர்வசி, ரோகிணி ஆகியோர் ஒரே நிறுவனத்தில் வெவ்வேறு நிலை வேலை பார்க்கும் பெண்களாக வருகிறார்கள். மேலாளரின் (நாசர்) பாலியல் தொல்லை மூவரையும் ஒன்றுசேர்க்கிறது. வர்க்க வேறுபாட்டைத் தாண்டிய இக்கூட்டணியை நகைச்சுவை வழியே சொன்னதால் படம் பரவலான பார்வையாளரை எட்டியது.

இதே தலைப்பில் பிரம்மா 2017இல் இயக்கிய படம் வேறு கதை. ஆவணப்பட இயக்குநரான பிரபா (ஜோதிகா), தன் வருங்கால மாமியாரைப் பல்லாண்டு பிரிந்திருந்த பள்ளித் தோழிகளோடு சேர்த்துவைக்கிறாள். 'அவள் அப்படித்தான்' படத்தில் ஆண் பிடித்திருந்த ஆவணப்படக் கேமரா இங்கே பெண்ணின் கையில். மாமியார் மருமகள் பகை என்ற பழைய கதைமரபையும் இப்படம் மாற்றுகிறது.

இலங்கை

பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியராகப் பணியாற்றிய சுமதி சிவமோகன் 'இங்கிருந்து' (2013) படத்தில் மலையகத் தமிழரின் வாழ்வைக் கையாண்டார். அவரது 'சிங்கிள் டம்ளர்', 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதன் நினைவை ஒரு தமிழ்க் குடும்பத்துக்குள் கொண்டுவருகிறது.

அதே ஆண்டின் வன்செயல்களில் கிழக்கிலும் இரு சமூகத்துப் பெண்களும் உறவுகளை இழந்தனர். வீரமுனை, சம்மாந்துறை ஆகிய ஊர்களைப் போலத் தமிழரும் முஸ்லிம்களும் அயலவராக வாழும் அம்பாறைக் கரையோரம், பெண் தோழமையை எழுத முனையும் திரைக்கதையாசிரியருக்கு வலுவான களம்.