இரு உதயம் கண்ட பயணம்

1942 ஆம் ஆண்டு பெப்ரவரியிலே சிங்கப்பூர் யப்பானியர் வசமானதும், அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே இருந்த ஆகாய மார்க்கம் அறுந்தது. அதனை மீள இணைத்தது, காலிக்கு அணித்தாயுள்ள நமது கொக்கலை வாவியே. 1943 ஆம் ஆண்டு நடுப்பகுதி தொடக்கம், குவாண்டாஸ் நிறுவனத்தின் கற்றலைனா நீர்விமானங்கள் பேர்த் நகரின் சுவான் நதியிலிருந்து கிளம்பி, இந்து சமுத்திரத்தை ஒரே பாய்ச்சலிற் கடந்து அவ்வாவியில் இறங்கின.

தூரம் ஏறக்குறைய 5,650 கிலோமீற்றர். இன்றைய ஜெட் விமானத்துக்கு அது ஏழெட்டு மணி நேரப் பயணம். அன்றோ 27 முதல் 32 மணி நேரம் வரை சென்றது. ஏறியவர்கள் வானிலேயே இரண்டு சூரியோதயங்களைக் கண்டனர். எரிபொருளின் பாரத்தினால் பயணிகள் மூவருக்கே இடம். தபாலும் 69 கிலோகிராம் மாத்திரமே. ஆயுதம் கிடையாது. பகைவர் உலாவிய வானிலே வானொலியிற் பேசவும் தடை. நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டனர். வானொலி முன் அமர்ந்திருக்கும் நேயர்கள் அந்த மௌனத்தைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

1945 யூலை வரை 271 தடவை கடந்தும் ஒரு விமானமேனும் வழியில் வீழவில்லை. யுத்தம் முடிந்தபின், கடனுதவி ஒப்பந்தத்தின்படி, அவற்றை அவுஸ்திரேலியக் கடலிலே அமிழ்த்திவிட்டனர்.